தொலைபேசி மாறட்டும், அழைப்பு அறுந்துபோக வேண்டாம்

கடந்த மழைக்காலத்தில் வன்னியிலுள்ள ஒரு பால் உற்பத்தியாளர் சங்கத்துக்குச் சென்றிருந்தேன். அலுவலக வாசலில் பால் கொள்கலன்கள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. முதல்நாள் காலையில் சேகரித்த பால் முழுவதும் பழுதாகி, பின்வளவில் ஊற்றப்பட்டதாகச் சொன்னார்கள்.

நடந்தது இதுதான். பாலை ஏற்ற வரவேண்டிய வாகனம் வழியில் பழுதாகி நின்றுவிட்டது. வேறு ஒழுங்கு செய்யும்படி சொல்வதற்காகச் சாரதி சங்கத்தின் இலக்கத்துக்குத் திரும்பத் திரும்ப அழைத்திருக்கிறார். பதில் இல்லை. அவரிடம் இருந்த கைத்தொலைபேசி இலக்கமோ முன்னைய முகாமையாளருடையது. அன்று அதிகாலையில் மரக்கிளையொன்று மின்கம்பியில் முறிந்து விழுந்ததால் ஊரில் மின்சாரம் இல்லை. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர்தான் சங்கம் தனது பழைய கம்பித் தொலைபேசியை நிறுத்திவிட்டு இணையவழித் தொலைபேசிக்கு மாறியிருந்தது. "கரண்ட் நிண்டா போனும் நிண்டுபோகும் எண்டு எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை, சுவாமி" என்றார் முகாமையாளர்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாற்றத்தால் சங்கத்தின் மாதாந்தச் செலவு குறைந்திருந்தது. ஆனால் அந்த ஒரு காலைநேர நட்டம் சங்கத்தின் கணக்கில் விழவில்லை. ஒரு மாட்டையும் இரண்டு மாட்டையும் வைத்துச் சீவிக்கும் உறுப்பினர்களின் தலையில்தான் விழுந்தது. தொலைபேசியை மாற்றுவது பற்றி அவர்களிடம் யாரும் கேட்டிருக்கவில்லை. இதுபற்றித்தான் எழுத விரும்புகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இணையவழித் தொலைபேசிக்கு நான் எதிரானவன் அல்லன். எமது கூட்டுறவுச் சங்கங்களுக்கும் சிறு தொழில்களுக்கும் அது பல நன்மைகளைத் தருகிறது. ஒரே இலக்கத்துக்கு வரும் அழைப்பை அலுவலகத்திலும், களஞ்சியத்திலும், வயலில் நிற்கும் உத்தியோகத்தரின் கைத்தொலைபேசியிலும் ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்யலாம். இரண்டு மூன்று அழைப்புகள் ஒன்றாக வந்தாலும் ஏற்கலாம். கிளை அலுவலகங்கள் தமக்கிடையே செலவின்றிப் பேசலாம். செப்புக் கம்பி நீங்கி ஒளியிழை வரும் ஊர்களில் இந்த மாற்றம் நாம் கேட்காமலே எமது வாசலுக்கு வருகிறது. எனவே மாறுவதா இல்லையா என்பதல்ல கேள்வி. மாறும்போது எதை இழக்கிறோம், அந்த இழப்பை யார் சுமக்கிறார் என்பதே கேள்வி.

பழைய தொலைபேசி எப்படி வேலை செய்தது என்பதை நினைத்துப் பாருங்கள். தொலைபேசி நிலையத்தில் பெரிய பற்றரிகள் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும். மின்பிறப்பாக்கியும் இருக்கும். அங்கிருந்து சுமார் 48 வோல்ற்று மின்சாரம், குரலைச் சுமக்கும் அதே செப்புக் கம்பிகள் வழியாக எமது மேசைவரை வந்தது. எமது வீட்டில் விளக்கு அணைந்தாலும் தொலைபேசி ஒலித்ததற்கு இதுவே காரணம். மின்வெட்டைச் சமாளிக்கும் பொறுப்பு தொலைபேசி நிலையத்தாருடையது. அது நாம் செலுத்திய மாத வாடகைக்குள் அடங்கியிருந்தது. அதை நாம் கவனித்ததே இல்லை.

இணையவழித் தொலைபேசியில் எமது குரல், வழக்கமாக ஒரு செக்கனுக்கு 8,000 தடவை அளக்கப்பட்டு, எண்களாக மாற்றப்பட்டு, சிறு சிறு பொதிகளாக இணையத்தில் செல்கிறது. இந்த வேலையைச் செய்யும் ரவுட்டரும் தொலைபேசிக் கருவியும் எமது சுவரிலுள்ள மின்சாரத்தில் இயங்குகின்றன. சுவரில் மின்சாரம் நின்றால் அவையும் நின்றுவிடும். அதாவது மின்வெட்டைச் சமாளிக்கும் பொறுப்பு தொலைபேசி நிலையத்திலிருந்து எமது மேசைக்கு இடம்பெயர்ந்துவிட்டது. கட்டணம் குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் அதைப் பற்றுச்சீட்டில் யாரும் எழுதித் தருவதில்லை.

வசதி படைத்த நாடுகளும் இந்தப் பாடத்தைக் கடினமாகவே கற்றன. பிரித்தானியாவில் பழைய கம்பித் தொலைபேசி வலையமைப்பை 2025 டிசம்பருக்குள் முற்றாக நிறுத்துவதென முடிவு செய்திருந்தார்கள். 2021 நவம்பரில் ஆர்வென் புயல் வீசியபோது அங்கு சில ஆயிரம் வீடுகள் ஒரு வாரத்துக்கும் மேலாக மின்சாரமின்றிக் கிடந்தன. 2022 மார்ச்சில் பி.ரி. நிறுவனம் வீடுகளை இணையவழித் தொலைபேசிக்கு மாற்றும் வேலையை இடைநிறுத்தியது. தனித்து வாழும் முதியவர்கள் ஆபத்தில் உதவி கேட்பதற்காகக் கழுத்தில் அணியும் பொத்தான் கருவிகள் பல, மாற்றத்தின் பின் வேலை செய்யாமற்போனதும் தெரியவந்தது. 2023 டிசம்பரில் அரசாங்கமும் தொலைபேசி நிறுவனங்களும், நலிவுற்றவர்களை அவர்களது பாதுகாப்பு உறுதிப்படாமல் மாற்றுவதில்லை என்று உடன்பாடு செய்தன. இறுதி நாளும் 2027 ஜனவரிக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

அந்த நாட்டில் ஒழுங்குமுறை ஆணையமான ஒஃப்கொம், மின்வெட்டின்போது இணையவழித் தொலைபேசியையே நம்பியிருப்பவர்கள் குறைந்தது ஒரு மணித்தியாலமாவது அவசர அழைப்பு எடுக்க வழிசெய்ய வேண்டுமென நிறுவனங்களுக்குச் சொல்லியிருக்கிறது. ஒரு மணித்தியாலம்! 2022 மார்ச் இறுதியில் எமது நாட்டில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அமுலானதை நாம் மறந்துவிடவில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் ஒரே நேரத்தில் மின்சாரம் இழந்தது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டிட்வா புயல் வெள்ளமும் மண்சரிவுமாகத் தாக்கியபோது, மலையகத்தின் பல இடங்களில் பாதையும் மின்சாரமும் தொலைத்தொடர்பும் ஒன்றாக அறுந்தன. ஒரு மணித்தியாலக் கணக்கு எமக்குப் போதாது.

பழைய கம்பி ஒருபோதும் அறுந்ததில்லை என்று சொல்ல வரவில்லை. 1990களில் குடாநாட்டில் மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. வவுனியாவிலும் கொழும்பிலும் கொமியூனிகேசன் கடைகளில் வெளிநாட்டு அழைப்புக்காக எமது தாய்மார் மணிக்கணக்கில் காத்திருந்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட மக்கள் நாம். மின்சாரமில்லாமல் ஒரு கருவியை உயிரோடு வைத்திருக்கும் கலையை எமக்கு யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. கையில் வசதி வந்ததும் அதை மறந்துவிடுகிறோம் என்பதுதான் என் கவலை.

ஆகவே மாற விரும்பும் சங்கங்களுக்கும் சிறு தொழில் முயற்சியாளர்களுக்கும் சில யோசனைகளைச் சொல்கிறேன்.

முதலாவது, மிச்சமாகும் பணத்தின் முதற்பங்கு பற்றரிக்கே போகட்டும். ஒரு ரவுட்டரும் ஒரு தொலைபேசிக் கருவியும் சேர்ந்து ஏறத்தாழ 15 வாற்று மின்சாரம் எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ற்று, 7 அம்பியர்-மணி சிறிய பற்றரியில் பாதியளவையே பயன்படுத்தினால் மூன்று மணித்தியாலத்துக்கும் குறைவாகவே தாங்கும். 45 அம்பியர்-மணி பற்றரியானால் அதே கணக்கில் 18 மணித்தியாலம் தாங்கும். மழைநாட்களிலும் மின்னேற்ற ஒரு சிறு சூரியத் தகடு இருந்தால் இன்னும் நல்லது. ரவுட்டருக்கு எத்தனை வோல்ற்று வேண்டும் என்பது அதன் அடியில் எழுதப்பட்டிருக்கும். விபரம் தெரிந்த மின்தொழிலாளி ஒருவரைக் கொண்டே இணைப்பைச் செய்யுங்கள்.

இரண்டாவது, இணையம் எந்த வழியால் வருகிறது என்று கேளுங்கள். வீடுகளுக்கு வரும் ஒளியிழைப் பாதையில் பெரும்பாலும் இடைவழியில் மின்சாரம் தேவைப்படும் கருவிகள் இல்லை. நிலையத்திலும் எமது மேசையிலும் மின்சாரம் இருந்தால் போதும். கோபுரத்தின் வழியாக வரும் இணையமோ அந்தக் கோபுரத்தின் பற்றரி தாங்கும்வரைதான் உயிரோடு இருக்கும். இணைப்பு அறுந்தால் அழைப்பு தானாகவே ஒரு கைத்தொலைபேசிக்குத் திரும்பும்படி முதல் நாளே ஒழுங்கு செய்துகொள்ளுங்கள். இந்த ஏற்பாடு எமது அலுவலகத்திலன்றிச் சேவை வழங்குபவரின் நிலையத்தில் நடப்பதால், எமது மின்சாரம் நின்றாலும் வேலை செய்யும். அந்தப் பால் சங்கத்தில் இது ஒன்று இருந்திருந்தாலே போதும்.

மூன்றாவது, பழைய இலக்கத்தை இலேசில் விடாதீர்கள். 024 என்றோ 021 என்றோ தொடங்கும் அந்த இலக்கம் பால்காரரின் கொப்பியிலும், கடைச் சுவரிலும், வெளிநாட்டிலுள்ள பிள்ளையின் மனதிலும் எழுதப்பட்டிருக்கிறது. அதை வைத்திருக்க முடியுமா என்பதைக் கையெழுத்திடுவதற்கு முன்னரே எழுத்தில் கேளுங்கள். முடியாதாயின், புதிய இலக்கம் எல்லோரையும் சென்றடையும்வரை பழைய இணைப்பை நிறுத்த வேண்டாம். சில மாத வாடகை வீண்செலவல்ல.

நான்காவது, புதிய தொலைபேசியிலிருந்து 119, 1990 ஆகிய அவசர இலக்கங்களுக்கு எப்படி அழைப்பது, அழைப்பு எங்கே போய்ச் சேரும் என்பதைச் சேவை வழங்குபவரிடம் கேட்டுத் தொலைபேசிக்கு அருகில் எழுதி ஒட்டுங்கள். இணையவழித் தொலைபேசி எந்த இடத்திலிருந்தும் பேசக்கூடியது. ஆகவே அது எங்கிருந்து பேசுகிறது என்பது மறுமுனையில் தெரியாமற் போகலாம். ஊரையும் சந்தியையும் முதலில் சொல்லும் பழக்கம் எல்லோருக்கும் வரவேண்டும்.

ஐந்தாவது, கடவுச்சொல்லை அலட்சியம் செய்யாதீர்கள். கருவியோடு வரும் கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டால், முன்பின் தெரியாதவர்கள் அதற்குள் புகுந்து இரவோடு இரவாக வெளிநாட்டு அழைப்புகளை எடுத்து, பற்றுச்சீட்டை எமது பெயருக்கு அனுப்பிவைப்பார்கள். வெளிநாட்டு அழைப்பு தேவையில்லாத சங்கம் அந்த வசதியையே மூடிவைக்கலாம்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று உண்டு. ஒரு சங்கத்தின் தொலைபேசி, நிர்வாகக் குழுவின் சொத்து மட்டுமல்ல. அதற்கு அழைப்பவர்களும் அதில் உரித்துடையவர்கள். ஆனால் மாற்றம் பற்றிய முடிவை அழைப்பவர்கள் எடுப்பதில்லை. மாதாந்தக் கட்டணத்தைப் பார்ப்பவர்களே எடுக்கிறார்கள். அழைக்க முயன்று தோற்றவர்களின் தொகை எந்தக் கணக்கறிக்கையிலும் வருவதில்லை. ஆகையால் இதைப் பொதுக்கூட்டத்தில் பேசுங்கள். பால் கொண்டுவருபவரிடமும், பின்னேரங்களில் அழைக்கும் முதியவரிடமும் கேளுங்கள்.

நான் குறிப்பிட்ட சங்கம் பழைய தொலைபேசிக்குத் திரும்பவில்லை. ஒரு பற்றரி வாங்கினார்கள். அழைப்பைக் கைத்தொலைபேசிக்குத் திருப்பினார்கள். சாரதியின் கொப்பியில் சரியான இலக்கங்களை எழுதிக் கொடுத்தார்கள். இதற்கெல்லாம் பெரிய செலவு ஏற்படவில்லை என்று முகாமையாளர் சொன்னார். பால் கொட்டப்படுவதற்கு முன்னரே இதைச் செய்திருக்கலாம் என்றும் அவரே சொன்னார். உங்கள் சங்கம் மாறுவதற்கு முன்னர், ஒரு நாள் பிரதான மின்ஆழியை அணைத்துவிட்டு வெளியிலிருந்து ஒருவரை அழைக்கச் சொல்லுங்கள். மணி ஒலிக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அதன் பிறகு கையெழுத்திடுங்கள்.