எழுத்தும் கோப்பும்

தமிழ் இலக்கியம் பயிலும் மாணவன் ஒருவன் சி மொழியைப் பற்றி எழுதப் புகுந்தால் நண்பர் சிலர் நகைத்தல் கூடும். நன்னூல் படிக்க வேண்டிய பொழுதில் உனக்கு நிரல் எதற்கென்று விடுதியிலேயே என்னைக் கேட்டவர் பலர். ஆயினும், எழுதிவைத்தது நிலைக்க வேண்டுமென்னும் கவலை கணிதத் துறையாருக்கு மட்டும் உரியதன்று; ஏட்டுச்சுவடிகளின் வரலாற்றைப் படிப்பவனுக்கு அக்கவலை பின்னும் மிகுதி. ஆதலின், கோப்புகளைக் குறித்து நான் பட்டறிந்ததையும், அதனால் எனக்குண்டான கருத்தையும் நம் கல்லூரி நேயர்கள் முன் வைக்கத் துணிகின்றேன்.

என் கருத்து இது. ஒரு கோப்பு, அதனை எழுதிய நிரல் மறைந்த பின்னரும், பிறர் திறந்து படிக்கத்தக்கதாய் இருத்தல் வேண்டும். அங்ஙனமல்லாத கோப்பை எழுதும் முறையை மாணவர்க்கு முதற்பாடமாகக் கற்பித்தல் தகாது.

என் பாட்டியார் உடன்குடிப் பக்கத்தவர், பனங்காட்டிடையே வளர்ந்தவர். பாளை சீவுதல், கலயம் கட்டுதல், பதநீர் காய்ச்சுதல் ஆகிய தொழில்களில் வழங்கும் சொற்களை அவர் வாய்மொழியாகக் கேட்டுத் துண்டுக் கடிதங்களில் குறித்துவந்தேன். அவ்வாண்டு விருப்பப் பாடமாகச் சி மொழியையும் கற்றுக்கொண்டிருந்தமையால், அச்சொற்களைக் கணினியிலே சேர்த்துவைக்க ஒரு நிரல் எழுதினேன். சொற்கள் ஒரு கோப்பு. பொருள்கள் மற்றொரு கோப்பு. பொருட்கோப்பு, வரிக்கொரு பொருளாகச் சாதாரண எழுத்தில் அமைந்தது. சொற்கோப்பையோ நான் படித்த பாடநூல் காட்டிய வண்ணம் 'ஸ்ட்ரக்ட்' என்னும் கட்டமைப்பாக்கி, 'எஃப்ரைட்' கொண்டு அப்படியே கொட்டிவைத்தேன். ஒவ்வொரு பதிவிலும் ஒரு சொல்லும், அதன் பொருள் மற்றக் கோப்பில் எத்தனையாவது இடத்தில் தொடங்குகிறதென்னும் எண்ணும் இருந்தன.

முதல் இடர் உடனே வந்தது. சொல்லுக்கு 20 பைட் போதுமென்று எண்ணியிருந்தேன். ஆங்கில எழுத்தொன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழுக்கோ, இன்று வழங்கும் யூடிஎஃப்-8 முறைப்படி, குறியொன்றுக்கு மூன்று பைட் வேண்டும். புள்ளியும் உயிர்மெய்யின் உகர இகரக் குறிகளும் தனித்தனியாகவே எண்ணப்படும். 'கருப்பட்டி' என்பது நமக்கு ஆறெழுத்து. கணினிக்குப் பத்துக் குறிகள், 30 பைட். 'எஃப்கெட்ஸ்' 19 பைட் மட்டும் வாங்கிக்கொண்டு நின்றது. திரையில் 'கருப்ப' என்பதும் அதன்பின் ஓர் உடைந்த குறியும் தோன்றின. எஞ்சிய பகுதி அடுத்த சொல்லின் இடத்திலே போய் அமர்ந்துகொண்டது. எழுத்தெண்ணிப் படித்தவன் என்னும் என் செருக்கு அன்று சற்றே அடங்கிற்று. 20-ஐ 60 ஆக்கினேன். எல்லாம் செவ்வையாயிற்று என்று நம்பி, துண்டுக் கடிதங்களைக் கிழித்தெறிந்தேன்.

விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால் இரு கோப்புகளையும் கைக்கருவி ஒன்றில் எடுத்துச் சென்றேன். நகலெடுக்கவில்லை, பெயர்த்தே எடுத்தேன். நிரலையும் உடன்கொண்டு போகவில்லை. நினைவிலிருந்தே மீண்டும் எழுதலாமென்றிருந்தேன். எழுதினேன், ஒரு வரி பிசகவில்லை. ஆனால் ஆய்வகக் கணினி லினக்ஸ், வீட்டுக் கணினி விண்டோஸ். இடத்தைக் குறிக்கும் எண்ணை 'லாங்' என்னும் வகையாக வைத்திருந்தேன். 64-பிட் லினக்ஸில் அவ்வகைக்கு 8 பைட், விண்டோஸில் 4. அன்றியும், எண்ணைத் தனக்கு வசதியான எல்லையிலே நிறுத்துவதற்காகக் கணினி இடையிடையே வெற்றிடத்தைத் தானே சேர்த்துக்கொள்ளும். 60-உம் 8-உம் கூடி 68 ஆக வேண்டிய பதிவு ஆய்வகத்தில் 72 பைட்டாக இருந்தது. வீட்டிலே அதுவே 64. முதற்சொல் நன்றாக வந்தது. அடுத்து வெறுமை, அதற்கடுத்தும் வெறுமை, பின்னர்ச் சில சொற்களின் வால்கள். பத்தாம் முறை ஒரு முழுச்சொல், அதுவும் ஒன்பதாவதாக நான் எழுதிய சொல். இக்கணக்கெல்லாம் பின்னர் அறிந்தது. அன்றைக்கு நான் கண்டது குழப்பம் ஒன்றே.

அக்குழப்பத்தில் செய்ததுதான் பெரும்பிழை. பதிவுகளைத் திருத்தியெழுதுவோமென்று அதே பெயருள்ள கோப்பை 'எஃப்ஓபன்' கொண்டு 'டபிள்யூ' முறையில் திறந்தேன். அம்முறையில் திறந்த அக்கணமே பழைய கோப்பு வெறுமையாகிவிடும். ஒரு வினாவும் எழாது. படிப்பதற்கு 'ஆர்', இறுதியிலே சேர்ப்பதற்கு 'ஏ', புதிதாக எழுதுவதற்கு 'டபிள்யூ' என்று மூன்றையும் ஒரே மூச்சில் மனனம் செய்திருந்தேனேயன்றி, மூன்றாவது ஓர் அழிப்புக் கருவி என்பதை உணரவில்லை. 2011-ஆம் ஆண்டுத் தரநிலையில் இதற்கொரு தடை உண்டு. டபிள்யூவோடு 'எக்ஸ்' சேர்த்தால், அப்பெயரில் கோப்பு முன்னரே இருப்பின் கணினி திறக்க மறுக்கும். என் பாடநூலில் அவ்வெழுத்தைக் காணேன். சி மொழியை நான் நோவதில்லை. 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுக்கூடத்திலே டென்னிஸ் ரிச்சி அதனை ஆக்கியது, யுனிக்ஸ் போன்றதோர் இயங்குதளத்தையே எழுதவல்ல வல்லுநர்க்காக. என்போன்றோரைக் கைப்பிடித்து நடத்துவதற்காக அன்று.

நிற்க. ஏட்டுச்சுவடிகளும் இவ்வாறுதானே படிப்பாரை வருத்தின என்று ஒருவர் வினவலாம். உண்மையே. ஏடுகளிலே பெரும்பாலும் மெய்க்குப் புள்ளியில்லை. எகர ஏகாரங்களுக்கு வடிவ வேறுபாடில்லை. செய்யுளும் உரையும் ஒரே ஒழுக்காய் ஓடும். ஆயினும் உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் அவ்வேடுகளைக்கொண்டே பதிப்பித்தார். எங்ஙனம் இயன்றது? யாப்பும் இலக்கணமும் பொருளும் அவருக்குத் துணைநின்றன; எதுகை தவறினால் ஏடு தவறென்று தெரியும். என் கோப்பிலிருந்த 8 பைட் எண்ணுக்கு எதுகையுமில்லை, மோனையுமில்லை. அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்பதை நிரலன்றி வேறெதுவும் சொல்லாது. 1990-களில் எழுத்துருவுக்கொரு குறியீடாகத் தமிழைத் தட்டெழுதி வைத்தவர்களும் இத்துன்பத்தையே அடைந்தனர். அவ்வெழுத்துரு இல்லாத கணினியிலே அவர்தம் கட்டுரைகள் அயற்குறிகளின் குவியலாய்த் தோன்றின.

எதிர்க்கட்சியாருக்கும் நியாயம் உண்டு. எல்லாப் பதிவும் ஒரே நீளமாயிருப்பின் விரைவு மிகும். ஆயிரமாவது பதிவு வேண்டுமெனின் 999-ஐ 72-ஆல் பெருக்கி, 'எஃப்சீக்' கொண்டு 71,928-ஆம் இடத்துக்கு ஒரே தாவலாய்த் தாவலாம். கோடிக்கணக்கான கணக்குகளை நொடியிலே தேடும் நிலையங்களுக்கு அது வேண்டுவதே. அவர்களிடம் பதிவின் அமைப்பை எழுதிவைத்த ஆவணமும், நாடோறும் எடுக்கும் நகலும் இருக்கும். என் சொற்கோப்பிலிருந்தவை 214 சொற்கள். அவற்றைத் தலையிலிருந்து வாலளவும் படிக்கக் கணினிக்குக் கண்ணிமைக்கும் பொழுதும் வேண்டாம். சிறியோர்க்குச் சிறியோரின் முறையே ஏற்றது. முதலாண்டு மாணவனுக்கு வங்கியின் முறையைக் கற்பித்து, வங்கியின் காவலைக் கற்பியாமல் விடுவதையே நான் குறைகூறுகின்றேன்.

இப்பொழுது நான் 'எஃப்பிரிண்ட்எஃப்' கொண்டு வரிக்கொரு சொல்லாக எழுதுகின்றேன்; சொல்லும் பொருளும் ஒரே வரியில், இடையே ஒரு தாவற்குறி. முதல் வரியில் எது எதுவென்று தமிழிலேயே குறித்திருக்கின்றேன். புதுக்கோப்பை வேறு பெயரில் எழுதி முடித்து, 'எஃப்குளோஸ்' பிழையின்றித் திரும்பிற்றா என்று பார்த்த பிறகே பழையதை விடுகின்றேன். எழுதியவை சிறிதுநேரம் நினைவகத்தின் இடைத்தேக்கத்திலே தங்குமாதலின், வட்டு நிறைந்துபோன செய்தி சிலபோது மூடும் வேளையில்தான் தெரியவரும்.

சொற்கோப்பு போயினும் பொருட்கோப்பு பிழைத்தது. அது சாதாரண எழுத்திலிருந்தமையால் எந்தக் கணினியிலும் திறந்தது, இன்றும் திறக்கிறது. அதன் 214 வரிகளையும் முன்வைத்துக்கொண்டு, உற்றாரைக் கேட்டும் என் நினைவைத் துழாவியும் 187 சொற்களை மீட்டேன். பாட்டியாரைக் கேட்க இயலவில்லை. அவ்விடுமுறைக்கு இரு திங்கள் முன்னரே அவர் காலமானார். 27 வரிகளில் பொருள் இருக்கிறது, சொல் இல்லை. 'விடியுமுன் இறக்கிய பதநீர்' என்பது ஒரு வரி. 'மழைக்குப் பயந்து பாதியில் இறக்கிய பாகு' என்பது மற்றொன்று. திருச்செந்தூர்ப் பக்கத்து அன்பர் எவரேனும் இதனைப் படிக்க நேரின், அவற்றுக்குத் தம் வீட்டுப் பெரியோர் வழங்கும் சொல்லைத் தமிழ்த்துறை முகவரிக்கு எழுதியனுப்புமாறு வேண்டுகின்றேன். எஞ்சிய 25 வரிகளையும் கேட்பவர்க்கு அனுப்புவேன்.