மேல் வரிசையில் யார்?

கிரேக்க அரங்கை வரையச் சொன்னால், நாடகமும் அரங்கியலும் கற்கும் எந்த மாணவியும் தயங்கமாட்டாள். நடுவே வட்டமான ஒக்கெஸ்ரா, பின்னால் ஸ்கீன், சுற்றிவர விசிறிபோல் விரியும் தியேட்ரோன். பெயர் குறித்துவிட்டால் புள்ளி கிடைத்துவிடும். அந்தப் படிகளில் யார் யார் எங்கே அமர்ந்தார்கள் என்று மட்டும் நாம் கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டியதே அதுதான் என்பேன்.

தியேட்ரோன் என்றால் 'பார்க்கும் இடம்'. மலைச்சரிவிலே கல்லாசனங்களைப் படிப்படியாக அமைத்தார்கள். எபிடோரஸ் அரங்கு கி.மு. 4ஆம் நூற்றாண்டில் தொடங்கி, பின்னர் 55 வரிசைகளாக வளர்ந்தது. ஒலிவாங்கி இல்லாத காலம். ஆனாலும் நடிகன் உரத்துப் பேசினால் உச்சிவரை கேட்கும். ஏதென்ஸின் டயோனிசஸ் அரங்கிலோ முன்வரிசைப் பளிங்குக் கதிரைகள் பூசகர்களுக்கும் பெரியவர்களுக்கும் உரியவை. அங்கே பெண்கள் நாடகம் பார்த்தார்களா என்பதிலேயே ஆய்வாளர்கள் இன்னும் ஒன்றுபடவில்லை.

உரோமர் ஆசனத்தைச் சட்டமாக்கினார்கள். கி.மு. 67இல் வந்த சட்டமொன்று, செனற்றர்களுக்குப் பின்னாலுள்ள 14 வரிசைகளைக் குதிரைவீரர் எனப்பட்ட செல்வந்த வகுப்பாருக்கு ஒதுக்கியது. பின்னர், நிரம்பி வழிந்த ஒரு காட்சியில் செனற்றர் ஒருவருக்கு எவரும் இடம் கொடுக்கவில்லை என்பதற்காக, பேரரசர் அகஸ்டஸ் எல்லோருக்கும் இடம் பிரித்தார் என்கிறார் சுவெற்றோனியஸ். படைவீரருக்கு ஓரிடம், மணமான ஆண்களுக்கு ஓரிடம், சிறுவருக்கு ஓரிடம். சிறுவருக்குப் பக்கத்திலேயே அவர்களுடைய ஆசிரியர்கள்! (நம் ஆசிரியைகள் இதை வாசித்தால் மகிழ்வார்கள்.) முன்பு எல்லோரும் கலந்திருந்து பார்த்த வாள்வீரர் சண்டையைக்கூட, பெண்கள் இனி மேலிருந்துதான் பார்க்கலாம் என்றாயிற்று.

பெண்களின் பாதுகாப்புக்காகத்தானே என்று சிலர் சொல்லக்கூடும். தனியிடம் எனக்கும் குறையாகப் படவில்லை. எங்கள் கலியாண வீடுகளிலும் பெண்களுக்குத் தனியிடம் உண்டு. ஆனால் தனியாக இருப்பது வேறு, தூரத்தில் இருத்தப்படுவது வேறு. அதே அகஸ்டஸ், வெஸ்டா தெய்வத்தின் கன்னிப் பூசாரிணிகளுக்கு மட்டும் நீதிபதியின் மேடைக்கு நேர் எதிரே தனியிடம் கொடுத்தார். தனியாகவும் அருகிலும் பெண்களை அமர்த்த உரோமருக்குத் தெரிந்தே இருந்தது. மற்றப் பெண்களுக்கு அதைச் செய்ய அவர்கள் விரும்பவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த தவணைப் பரீட்சையில் உரோம அரங்கை வரையச் சொன்னால், உச்சி வரிசைக்கு ஓர் அம்புக்குறியிட்டு 'பெண்கள்' என்று எழுதப் போகிறேன். புள்ளி தருவார்களோ தெரியாது.