எதைத் தொடர்கிறது இந்த இரைச்சல்?

சில மாதங்களுக்கு முன் என் மேசைக்கு ஒரு ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிட்டார் வந்தது. ட்ரஸ் ராட் நட்டின் ஆலன் கீ துளையில் ஆறு மூலையும் மழுங்கி வட்டமாகியிருந்தன. சேடில்கள் ஆறும் உச்சத்துக்கு ஏற்றப்பட்டிருந்தன. பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் கம்பியின் உயரம் 3 மி.மீ. இருந்தது.

“ரெண்டு இடத்துல காட்டிட்டேன் அண்ணே. பஸ்ஸிங் மட்டும் போகவே மாட்டேங்குது” என்றார் கொண்டுவந்த தம்பி.

“எங்க வருது?”

“எல்லா இடத்துலயும்தான்.”

எல்லா இடத்திலும் வரவில்லை. உட்காரவைத்து ஒவ்வொரு ஃப்ரெட்டாக வாசிக்கச் சொன்னேன். முதல் நாலு ஃப்ரெட்டில் ஒரு மெல்லிய உரசல் கேட்டது. அதை விட்டுவிட்டால், நாலாவது கம்பியை ஓப்பனாக மீட்டும்போது ஒரு உலோக அதிர்வு வந்தது. அதே அதிர்வு ஐந்தாவது கம்பியின் ஐந்தாம் ஃப்ரெட்டிலும், ஆறாவது கம்பியின் பத்தாம் ஃப்ரெட்டிலும் வந்தது. மூன்றும் ஒரே டி சுரம், 147 ஹெர்ட்ஸுக்கு ஒரு நூலிழை குறைவு. மூன்று வெவ்வேறு கம்பி, மூன்று வெவ்வேறு இடம், ஆனால் இரைச்சல் ஒன்று. ஃப்ரெட் உரசினால் இப்படி நடக்காது. எங்கேயோ ஒரு உதிரிபாகம் அந்தச் சுரத்துக்கு உடன் அதிர்கிறது என்று அர்த்தம். அவரைத் திரும்பத் திரும்ப அந்த டி-யை மீட்டச் சொல்லிவிட்டு, தலைப்பகுதியில் ஒவ்வொரு பாகமாக விரலால் அழுத்திக்கொண்டே வந்தேன். மூன்றாவது ட்யூனரின் முன்பக்க நட்டில் விரல் பட்டதும் சத்தம் நின்றது. ஸ்பேனரில் கால் சுற்று, அவ்வளவுதான்.

முதல் நாலு ஃப்ரெட்டின் உரசல் வேறு கதை. அதைப் பழுதுபார்த்தவர்களே உண்டாக்கியிருந்தார்கள். இரைச்சல் என்றதும் ட்ரஸ் ராட்டை முறுக்கியிருக்கிறார்கள். நெக் நிமிர்ந்து, பிறகு பின்னுக்கு வளைந்து, கீழ் ஃப்ரெட்டுகளில் கம்பி தொட ஆரம்பித்திருக்கிறது. அதை மறைக்க அடுத்தவர் சேடிலை ஏற்றியிருக்கிறார். சேடிலை 1 மி.மீ. ஏற்றினால் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் கம்பி அரை மி.மீ. உயரும், முதல் ஃப்ரெட்டில் உயர்வது ஏறக்குறைய ஒன்றுமில்லை. எனவே இரைச்சலும் போகவில்லை, வாசிப்பவரின் விரலும் போயிற்று.

இந்த இதழின் வாசகர்கள் எல்லோரும் மேசையில் உட்காருகிறவர்கள். ட்ரஸ் ராட் எப்படி வேலை செய்கிறது என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. நம் கை கருவிப்பெட்டிக்குப் போகும் வேகத்தைப் பற்றித்தான் என் பேச்சு. வாடிக்கையாளர் ‘பஸ்’ என்று வாயெடுத்ததுமே ஆலன் கீயைத் தேடுகிறோம். அதற்கு முன் கேட்கவேண்டியது ஒன்று உண்டு: இந்த இரைச்சல் எதைத் தொடர்ந்து போகிறது? சுரத்தையா, ஃப்ரெட்டையா, கம்பியையா, வாசிக்கிற கையையா?

அதற்கும் முன்னால், ஆம்பை அணைத்துவிட்டுக் கேளுங்கள். தமிழில் நமக்கு ஒரு சிக்கல்: கம்பி ஃப்ரெட்டில் உரசுவதும் இரைச்சல்தான், ஸ்பீக்கரில் உறுமுவதும் இரைச்சல்தான். சிங்கிள் காயில் பிக்கப் பிடித்து இழுக்கும் 50 ஹெர்ட்ஸ் மின்சார உறுமலுக்காக நெக்கை நிமிர்த்தியவர்களை எனக்குத் தெரியும். ஆம்ப் அணைந்ததும் சத்தம் நின்றால் அது வயரிங் வேலை. கம்பியைத் தொட்டதும் உறுமல் குறைந்தால் எர்த்திங்கும் ஷீல்டிங்கும் பாருங்கள். நெக்கைத் தொடாதீர்கள்.

சுரத்தைத் தொடரும் இரைச்சலுக்கு மேலே சொன்ன விரல் வைத்தியம் போதும். என் அனுபவத்தில் சந்தேகப் பட்டியலில் முதலிடம் ட்யூனர் நட்டுக்கு. அடுத்தது சேடிலின் இரண்டு உயரத் திருகுகளில் ஒன்று அடித்தகட்டைத் தொடாமல் அந்தரத்தில் நிற்பது. ட்ரெமலோ குழிக்குள் இருக்கும் ஸ்பிரிங்குகள், பழைய பாணி ட்யூன்-ஓ-மேட்டிக் பிரிட்ஜில் திருகுகளைப் பிடித்திருக்கும் மெல்லிய கம்பி, பிக்கப் திருகின் ஸ்பிரிங் எல்லாம் பின்னால் வரும். முழுக்கத் தளர்த்திவிட்ட ட்ரஸ் ராட் நெக்குக்குள்ளேயே கிடந்து ஆடுவதும் உண்டு. அது வெளியே விரலுக்குச் சிக்காது. தனியாளாக இருந்தால் பக்கத்துக் கடைப் பையனைக் கூப்பிட்டு மீட்டச் சொல்லுங்கள். இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும்.

ஃப்ரெட்டைத் தொடரும் இரைச்சலில் அடிக்கடி நடக்கும் தவறு, அழுத்திய ஃப்ரெட்டையே குற்றவாளி ஆக்குவது. ஐந்தில் அழுத்தும்போது இரைந்தால், கம்பி மோதுவது ஆறிலோ அதற்கு மேலோ. ஃப்ரெட் ராக்கரை மூன்று ஃப்ரெட்டில் வைத்து ஆட்டிப் பார்த்தால் எழும்பி நிற்பது எது என்று தெரிந்துவிடும். தெரிந்ததும் ராவியெடுக்கக் கூடாது. முதலில் அந்த ஃப்ரெட்டை ஒரு மரக்கட்டையால் அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது இறங்கி, விட்டதும் எழும்பினால் அது உயர்ந்த ஃப்ரெட் இல்லை, பிடிப்பு விட்ட ஃப்ரெட். மெல்லிய சூப்பர் க்ளூவை உள்ளே இறக்கி, இடுக்கியில் பிடித்துக் காயவிட்டால் முடிந்தது. அதைப் போய் ராவினால், பிறகு யாராவது அழுத்தி உட்காரவைக்கும்போது அந்த இடம் பள்ளமாகும், அடுத்த ஃப்ரெட் குற்றவாளியாகும். இப்படி ஒன்றன்பின் ஒன்றாக ராவிக்கொண்டே போய் ரீஃப்ரெட்டில் முடிந்த நெக்குகள் உண்டு. மிதமான ஃப்ரெட் 1.1 அல்லது 1.2 மி.மீ. உயரம்தான் இருக்கும். அந்த உலோகம் திரும்பி வராது.

ஒரே ஒரு ஃப்ரெட் என்றில்லாமல் ஒரு பகுதி முழுக்க இரைந்தால்தான் நெக் வளைவைப் பார்க்கவேண்டும். கீழே ஒன்று முதல் ஐந்து வரை என்றால் ரிலீஃப் போதவில்லை அல்லது நெக் பின்னுக்கு வளைந்திருக்கிறது. பன்னிரண்டுக்கு மேலே என்றால் ரிலீஃப் அதிகம், இல்லையென்றால் சேடில் தாழ்வு, இல்லையென்றால் நெக் உடலோடு சேரும் இடத்தில் ஃப்ரெட்போர்டு மேல்நோக்கி எழும்பியிருக்கிறது. இந்த மூன்றாவதை ட்ரஸ் ராட் தொடவே முடியாது. எவ்வளவு முறுக்கினாலும் அந்தப் பகுதி அசையாது. அதைக் கண்டுபிடிக்காமல் முறுக்கிக்கொண்டே இருப்பவர்தான் நட்டை மழுங்கவைக்கிறார்.

மழுங்குவதற்கு இன்னொரு காரணமும் நம் ஊரில் உண்டு. 1/8 அங்குலத் துளை என்பது 3.175 மி.மீ. கடைத்தெருவில் எளிதாகக் கிடைக்கும் 3 மி.மீ. கீ அதில் நுழையும், சுற்றவும் செய்யும், ஒவ்வொரு சுற்றிலும் மூலைகளைத் தின்னும். அங்குல அளவுக் கீ ஒரு செட் வாங்கிவையுங்கள். கிப்சன் நிறுவனத்துக்காக தாடியஸ் மெக்ஹியூ 1923இல் காப்புரிமை பெற்ற ட்ரஸ் ராட், நூறாண்டு கழித்து இப்படி மயிரிழை வித்தியாசத்தில் சாகிறது.

அளக்கும் முறையில் நமக்குள் பெரிய வேறுபாடு இல்லை. முதல் ஃப்ரெட்டில் காப்போ, பதினேழில் விரல், ஏழு அல்லது எட்டில் ஃபீலர் கேஜ். ஃபெண்டர் தன் கிட்டார்களுக்குச் சொல்லும் கணக்கு, 7.25 அங்குல ரேடியஸுக்கு 0.3 மி.மீ., 9.5 முதல் 12 வரை 0.25, அதைவிடத் தட்டையான போர்டுக்கு 0.2. பதினேழாம் ஃப்ரெட்டில் கம்பி உயரம் பொதுவாக 1.6 மி.மீ.; 7.25க்குத் தடித்த கம்பிப் பக்கம் 2 மி.மீ. இவை தொடங்குகிற இடம். ஆறாவது கம்பியைப் பலமாக அடிக்கிற ஒருவருக்கு இந்த எண்கள் செல்லாது, விரல் நுனியால் வருடுகிறவருக்கு இவையே அதிகம். அதனால்தான் ‘கை’ என்பதையும் கேள்வியில் சேர்த்தேன். நாமே மீட்டிப் பார்த்துவிட்டு ‘எனக்கு வரலையே’ என்று திருப்பி அனுப்புவது அநியாயம். அவர் வாசித்து நாம் கேட்கவேண்டும், அவர் பிக்கை வைத்தே.

7.25 ரேடியஸ் பற்றி ஒரு வார்த்தை. 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரின் வளைவு அது. கார்டு பிடிக்க இதமானது. ஆனால் பதினைந்தாம் ஃப்ரெட்டில் முதல் கம்பியை ஒரு முழுச் சுரம் பெண்ட் செய்தால், கம்பி அந்த வளைவின் மேட்டை நோக்கி ஏறிப் போகிறது, மேல் ஃப்ரெட்டில் மோதிச் செத்துப்போகிறது. அது பழுது இல்லை, வடிவக் கணக்கு. ஆக்‌ஷனைக் கொஞ்சம் ஏற்றுங்கள், அல்லது ‘இந்த நெக்கில் தாழ்ந்த ஆக்‌ஷனும் பெரிய பெண்டும் சேர்ந்து கிடைக்காது’ என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள். சொல்லத் தயங்கித்தான் பலரும் அரத்தை எடுக்கிறோம்.

கம்பியைத் தொடரும் இரைச்சலில் எனக்குப் பிடித்த நோய் ஒன்று உண்டு: ஓப்பனாக மீட்டும்போது மட்டும் சித்தார் மாதிரி ஒலிப்பது. முதல் ஃப்ரெட்டில் அழுத்தியதும் அது நின்றுவிட்டால் நட்தான். பள்ளம் ஆழமாகிவிட்டதா என்று பார்க்க மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்தி, முதல் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். 80 கிராம் காகிதம் ஏறக்குறைய 0.1 மி.மீ.; அதை ஒட்டிய இடைவெளி இருந்தால் ஆழம் சரி. ஆழம் சரியாக இருந்தும் சித்தார் கேட்டால், பள்ளத்தின் சரிவு தவறு. கம்பி ஃப்ரெட்போர்டு பக்கத்து விளிம்பில் நட்டை விட்டுக் கிளம்பவேண்டும். பள்ளம் தட்டையாகவோ எதிர்ப்பக்கம் சரிந்தோ இருந்தால் கம்பி நட்டின் மேலேயே உருண்டு உரசும். சேடிலிலும் இதே கதை நடக்கும்.

இதில் ஒரு வேடிக்கை. நாம் நோய் என்று துரத்துவதைத்தான் தம்புராக்காரர் ஜீவா என்று பெயர் வைத்து நூல் போட்டு வரவழைக்கிறார். அகன்ற குதிரையின் மேல் கம்பி மெல்ல மெல்லத் தொட்டு விலகும்படி, பஞ்சு நூலை மயிரிழை நகர்த்தி நகர்த்தி ‘பேச’ வைப்பார்கள். சி.வி. ராமன் 1921இல் தம்புராவையும் வீணையையும் இதற்காகவே ஆராய்ந்தார். ஒரு மேற்சுரத்தின் அசையாப் புள்ளியிலேயே மீட்டினால் அந்த மேற்சுரம் எழக்கூடாது என்பது பழைய விதி. இந்த வாத்தியங்களில் அது எழுகிறது என்று காட்டினார். காரணம் குதிரையின் வளைந்த பரப்பு. 1967இல் வின்னி பெல் வடிவமைப்பில் டேனலெக்ட்ரோ கொண்டுவந்த கோரல் எலெக்ட்ரிக் சித்தார் இதையே காசாக்கியது: அடிப்படையில் கிட்டார்தான், பிரிட்ஜ் அகன்று தட்டையானது. தம்புராவுக்கு நூல் போடுகிறவர் பக்கத்தில் அரைமணி உட்கார்ந்து பார்த்தால், நட் பள்ளத்தின் சரிவு ஏன் முக்கியம் என்று கைக்கே புரிந்துவிடும். நம் பயிற்சி வகுப்புகளில் இது ஏன் இல்லை என்பது எனக்குப் புரியவில்லை.

இன்னும் இரண்டு பேர் அடிக்கடி தப்பித்துவிடுகிறார்கள். ஒருவர் பிக்கப்பின் காந்தம். சிங்கிள் காயிலைக் கம்பிக்கு மிக அருகே ஏற்றிவைத்தால், மேல் ஃப்ரெட்டுகளில் தடித்த கம்பி இழுபட்டு, சுருதி தள்ளாடி, ஃப்ரெட் உரசுவது போலவே கேட்கும். பிக்கப்பைக் கீழே இறக்கிப் பார்க்க அரை நிமிடம் ஆகாது. மற்றவர் புதுக் கம்பி செட். பத்திலிருந்து ஒன்பதுக்கு மாறினால் ஆறு கம்பிகளின் மொத்த இழுவை ஏறக்குறைய 46 கிலோவிலிருந்து 38 கிலோவுக்கு இறங்கும். நெக் நிமிர்ந்துவிடும். அரைச் சுரம் இறக்கி ட்யூன் செய்தால் இழுவை 11 சதவீதம் குறையும். ஆறாவது கம்பியை மட்டும் டி-க்கு இறக்கினால் அந்தக் கம்பியில் 21 சதவீதம். “ஒண்ணுமே பண்ணலண்ணே, தானா வருது” என்பவரிடம் ‘கம்பி எப்போ மாத்தினீங்க, என்ன ட்யூனிங்?’ என்று கேளுங்கள். பாதி வழக்கு அங்கேயே தீரும்.

மீதிப் பாதியில் வானிலைக்கும் பங்குண்டு. ஏசி ஸ்டுடியோவில் செட்டப் செய்த கிட்டார் மழைக்காலச் சென்னை மேடையில் வேறு கிட்டார். எந்தப் பக்கம் வளையும் என்பது மரத்துக்கு மரம் மாறும். என்னிடம் ஒரே வகைக் கிட்டார் இரண்டு எதிரெதிர்ப் பக்கம் போயிருக்கின்றன. ராட்டைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே நாளில் திருப்பாமல், ஓர் இரவு வைத்திருந்து மறுபடி அளப்பது என் வழக்கம். அவசரக்காரர்களுக்கு இது பிடிப்பதில்லை.

ஆம்பில் கேட்காத இரைச்சலை விட்டுவிடலாமா என்ற வாக்குவாதம் நம்மிடையே ஓயாது. என் கருத்து: சுரம் முழு நேரம் நின்று ஒலித்தால் விடலாம், பாதியில் மூச்சடைத்தால் விடக்கூடாது. ஆனால் ஃபிளாட்டில் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆம்ப் போடமுடியாமல் வெறும் கிட்டாரையே வாசிக்கிறவருக்கு அந்தக் கிட்டாரின் ஒலியே அதுதான். அவரிடம் ‘ஆம்பில் கேட்காது’ என்பது பதிலாகாது.

ஒரு வேண்டுகோள். வேலைச் சீட்டில் மூன்று எண் எழுதுங்கள்: ரிலீஃப், பதினேழாம் ஃப்ரெட் உயரம், முதல் ஃப்ரெட் இடைவெளி. கை வைப்பதற்கு முன் ஒரு தடவை, முடித்த பின் ஒரு தடவை. கூடவே எந்தக் கம்பியில், எந்த ஃப்ரெட்டில் இரைந்தது என்று ஒரு வரி. சீட்டின் நகலை வாடிக்கையாளரிடமே கொடுத்துவிடுங்கள். அந்த ஸ்ட்ராட்டுடன் இப்படி ஒரு துண்டுக் காகிதம் வந்திருந்தால், இரண்டாவது கடைக்காரர் சேடிலைத் தொட்டிருக்கமாட்டார்.

ட்யூனர் நட்டை இறுக்க ஒரு நிமிடம் ஆயிற்று. மழுங்கிய துளைக்குள் அளவு மிஞ்சிய டார்க்ஸ் பிட் ஒன்றைத் தட்டி இறக்கி, ராட்டைத் தளர்த்தி, புது நட் தேடி வாங்கிப் போட்டு, நெக்கைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஆறு நாள். பில்லில் முதல் வேலைக்கு நான் ஒன்றும் போடவில்லை. இரண்டாவது வேலைக்கான தொகையைப் பார்த்துவிட்டு அந்தத் தம்பி, “பஸ்ஸிங்குக்கு இவ்வளவா அண்ணே?” என்றார்.

“பஸ்ஸிங்குக்கு இல்ல தம்பி” என்று சீட்டைத் திருப்பிக் காட்டினேன்.