தள்ளிப்போனால் தங்கமாகுமா?

2025 நவம்பர் 6ஆம் தேதி ராக்ஸ்டார் நிறுவனத்திடமிருந்து ஒரு சின்ன அறிக்கை வந்தது. 2026 மே 26இல் வரவேண்டிய 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 6' (ஜிடிஏ 6), நவம்பர் 19க்குத் தள்ளிப்போகிறது. முதலில் 2025 என்றார்கள், பிறகு மே என்றார்கள், அதன்பின் நவம்பர். ரசிகர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோதே ஆறுதல் சொல்ல ஒரு கூட்டம் கிளம்பிவிட்டது. எந்த கேம் தள்ளிப்போனாலும் அவர்கள் சொல்வது ஒன்றுதான்: தாமதமாகும் கேம் என்றாவது ஒருநாள் நன்றாக வந்துவிடும், அவசரமாக வந்த கேமுக்கு விமோசனமே கிடையாது. போதாக்குறைக்கு, "இதைச் சொன்னது யார் தெரியுமா? மியாமோட்டோ!" என்றும் சேர்த்துக்கொள்வார்கள்.

பதறாத காரியம் சிதறாது என்று கேட்டு வளர்ந்த நமக்கு இந்த வாசகம் சட்டென்று பிடித்துப்போகிறது. ஆனால் கேம் துறையின் நாற்பதாண்டுக் கதையை வைத்து உரசிப் பார்த்தால், இதில் ஏறக்குறைய எதுவும் தேறவில்லை.

பெயரிலிருந்தே தொடங்கலாம். மாரியோவையும் ஸெல்டாவையும் படைத்த ஷிகெரு மியாமோட்டோ இதை எங்கே, எப்போது சொன்னார் என்று தேடிப் போனவர்களுக்கு நம்பத்தகுந்த சான்று எதுவும் கிடைக்கவில்லை. 1990களில் துறைக்காரர்களின் பேச்சில் புழங்கிய வாசகம் இது. பெரியவரின் பெயர் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. அவர் செய்த வேலையைப் பார்த்தாலோ கதை வேறு மாதிரி இருக்கிறது. பலமுறை தள்ளிப்போய் 1998 நவம்பரில் வந்து கொண்டாடப்பட்ட 'ஆக்கரினா ஆஃப் டைம்' இந்த வாசகத்துக்குச் சாதகமான சாட்சிதான். ஆனால் அதற்கடுத்த ஸெல்டாவை ஓராண்டில் முடித்துக் காட்ட முடியுமா என்று எய்ஜி அவோனுமாவின் குழுவுக்குச் சவால் விட்டவரும் அதே மியாமோட்டோதான். பழைய கேமின் பாத்திர உருவங்களையே எடுத்து வேறு மனிதர்களாக உலவவிட்டார்கள். பெரிய உலகம் கட்ட நேரமில்லை. அதனால் மூன்றே நாளில் நிலா விழுந்து அழியப்போகும் ஒரு சிறிய ஊரைக் கட்டி, அந்த மூன்று நாட்களையே திரும்பத் திரும்ப ஆட வைத்தார்கள். 2000 ஏப்ரலில் ஜப்பானில் வந்த 'மஜோராஸ் மாஸ்க்' அது. ஸெல்டா வரிசையிலேயே மிக விசித்திரமான, ஆழமான கேம் அதுதான் என்று சத்தியம் செய்யும் ரசிகர்கள் இன்றும் உண்டு. கால நெருக்கடி இல்லாதிருந்தால் அந்த வடிவமே பிறந்திருக்காது.

அப்சிடியன் நிறுவனத்தின் 'ஃபால்அவுட்: நியூ வேகஸ்' இன்னொரு சாட்சி. சுமார் பதினெட்டு மாதத்தில் செய்து முடித்து 2010இல் வெளிவந்தபோது அதில் பக் மலிந்து கிடந்தது. நடுவழியில் நின்றுபோகும், சேமித்த ஆட்டம் காணாமல் போகும். இன்றோ அந்த வரிசையில் எது சிறந்தது என்ற சண்டை எங்கே நடந்தாலும் முதலில் எழும் பெயர் அதுதான்.

அவசரத்தில் வந்தது என்றென்றும் மோசம் என்பது கார்ட்ரிட்ஜ் காலத்து உண்மை. 1982 கிறிஸ்துமஸ் விற்பனையைப் பிடிக்க வேண்டுமென்று அட்டாரி நிறுவனம் 'ஈ.டி.' கேமை ஒரே புரோகிராமரிடம் கொடுத்து ஐந்து வாரத்தில் முடிக்கச் சொன்னது. சிப்பில் ஏறியது ஏறியதுதான், யாராலும் திருத்த முடியாது. விற்காத கார்ட்ரிட்ஜ்களை நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ குப்பைமேட்டில் புதைத்தார்கள். 2014இல் தோண்டியபோது அவை அப்படியே கிடைத்தன.

இன்று நிலைமை வேறு. 'ஃபைனல் ஃபேன்டசி 14' 2010 செப்டம்பரில் வந்து கடும் வசை வாங்கியது. ஸ்குவேர் எனிக்ஸ், நவோகி யோஷிதாவைப் பொறுப்பில் அமர்த்தியது. அவர் பழைய கேமை நடத்திக்கொண்டே பக்கத்தில் புதியதைக் கட்டினார். 2012 நவம்பரில் பழைய சர்வர்களை அணைக்கும் நாளில், கேமின் கதையிலேயே வானத்திலிருந்து ஒரு நிலவு விழுந்து, அதிலிருந்து வெளிப்பட்ட டிராகன் உலகத்தை எரித்தது. விளையாடிக்கொண்டிருந்தவர்கள் அதை முடிவுக் காணொளியாகப் பார்த்தார்கள். 2013 ஆகஸ்டில் புதிய வடிவம் வந்தது, இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. 2016இல் வெறும் கோள்களை மட்டும் காட்டி ஏமாற்றிவிட்டது என்று திட்டு வாங்கிய 'நோ மேன்ஸ் ஸ்கை'யும், ஆண்டு தவறாமல் இலவச அப்டேட் கொடுத்தே தன் பெயரை மீட்டுக்கொண்டது.

இதை வைத்து "எப்படி வந்தாலும் பேட்ச் போட்டுச் சரிசெய்துவிடுவார்கள்" என்று மறுகோடிக்கு ஓடுவதும் தவறு. பயோவேரின் 'ஆந்தெம்' 2019இல் அரைகுறையாக வந்தது. சரிசெய்கிறோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். 2021 பிப்ரவரியில் அந்த வேலையையே கைவிட்டார்கள். மீட்சி சாத்தியம், உத்தரவாதம் கிடையாது.

வாசகத்தின் மற்றப் பாதிதான் ரசிகருக்கு அதிக ஆபத்து. தள்ளிப்போனது கட்டாயம் நன்றாக வரும் என்பவர்கள் 'ட்யூக் நியூகெம் ஃபாரெவர்' கதையை ஒருமுறை படிக்க வேண்டும். 1997இல் அறிவித்தார்கள். அப்போது குவேக் 2 எஞ்சினில் செய்வதாக இருந்தது. 1998இல் அன்ரியல் எஞ்சினுக்கு மாறினார்கள். எஞ்சின் மாறினால் செய்த வேலையில் பெரும்பகுதியைத் திரும்பச் செய்ய வேண்டும். அதற்குள் வேறு யாராவது புதிதாக ஒன்றைச் செய்துவிடுவார்கள், அதையும் சேர்க்கத் தோன்றும். தேதி கேட்டவர்களுக்கு 3டி ரெல்ம்ஸ் தந்த பதில், முடியும்போது முடியும் என்பதே. 'வயர்ட்' இதழ், வராத பொருட்களுக்கு ஆண்டுதோறும் கொடுத்துவந்த கேலி விருதில் இதற்கு வாழ்நாள் சாதனையாளர் பட்டமே கொடுத்தது. 2009இல் குழு கலைக்கப்பட்டது. கியர்பாக்ஸ் எடுத்து முடித்து 2011 ஜூனில் வெளியிட்டது.

வந்த பிறகு பார்த்தால், ஒரு காலத்தில் ஆயுதக் கிடங்கையே முதுகில் சுமந்து திரிந்த ட்யூக், ஒரே நேரத்தில் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்க முடிந்தது. 'ஹேலோ' கொண்டுவந்த பழக்கம் அது. நகைச்சுவை 1997ஐச் சேர்ந்தது, ஆட்டமுறை 2000களில் கடன் வாங்கியது, ஆடியவர்கள் 2011இல் இருந்தார்கள். பதினான்கு ஆண்டு காத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது அதுதான்.

யூபிசாஃப்டின் சிங்கப்பூர் ஸ்டூடியோவில் உருவான 'ஸ்கல் அண்ட் போன்ஸ்' அதே பாதையில் போனது. 2013இல் வந்த 'அசாசின்ஸ் க்ரீட் 4'இன் கடற்போர் எல்லோருக்கும் பிடித்துப்போக, அதை மட்டும் தனியாகப் பிரித்து ஒரு கேம் செய்யலாம் என்று இறங்கினார்கள். 2017இல் அறிவித்து, பலமுறை தேதி மாற்றி, 2024 பிப்ரவரியில் கரைசேர்த்தார்கள். நிறுவனத் தலைவர் ஈவ் கியேமோ இதை 'குவாட்ரபிள் ஏ' தரம் என்றார். ஆடியவர்கள் தேடியதோ பதினோரு ஆண்டு பழைய கேமில் இருந்த ஒரு சின்னச் சுகத்தை: எதிரிக் கப்பலின் மேல்தளத்தில் குதித்து வாள் வீசுவது. புதிய கேமில் அது இல்லை.

தள்ளிப்போட்டுத் தீர்க்கக்கூடியது எது, தீர்க்க முடியாதது எது என்பதை இதே துறையின் பெரிய மனிதர் ஒருவரே பிரித்துச் சொல்லியிருக்கிறார். ஓராண்டு வரை தாமதமாகி 2023 மேயில் வந்த 'ரெட்ஃபால்' மண்ணைக் கவ்வியபோது, இன்னும் கொஞ்சம் தள்ளிப்போட்டிருக்கலாமே என்று எக்ஸ்பாக்ஸ் தலைவர் ஃபில் ஸ்பென்சரிடம் கேட்டார்கள். பக் திருத்துவதற்கு நேரம் உதவும், நினைத்த கேம் உருவாகவே இல்லையென்றால் இன்னும் சில மாதம் கொடுத்துப் பயனில்லை என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். தோற்ற கேமுக்குச் சாக்கு என்று இதைத் தள்ளிவிடலாம்தான். ஆனாலும் அவர் சொன்னது சரி. மறு ஆண்டே அந்த கேமைச் செய்த ஆர்கேன் ஆஸ்டின் ஸ்டூடியோவை மைக்ரோசாஃப்ட் இழுத்து மூடியது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

"தள்ளிப்போட்டால் வேலை செய்கிறவர்களாவது மூச்சுவிடுவார்களே" என்பது மனிதாபிமான வாதம். நல்ல மனதோடு சொல்லப்படுவதால் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. 'சைபர்பங்க் 2077' கதையைப் பார்த்தவர்கள் பேசுவார்கள். 2020 ஏப்ரல் 16 என்று முதலில் குறித்தார்கள். ஜனவரியில் அதை செப்டம்பர் 17க்கு மாற்றினார்கள். முதலீட்டாளர் கூட்டத்தில், இனி ஊழியர்கள் கூடுதல் நேரம் உழைக்கவேண்டி வருமா என்று கேட்டதற்கு, ஓரளவுக்கு ஆமாம் என்று நிர்வாகமே ஒப்புக்கொண்டது. ஜூனில் தேதி நவம்பர் 19 ஆனது. செப்டம்பர் இறுதியில் வாரம் ஆறு நாள் வேலை கட்டாயம் என்ற செய்தி வந்தது. அக்டோபர் 5ஆம் தேதி கேம் 'கோல்டு' ஆகிவிட்டது, அதாவது டிஸ்க் அச்சுக்குத் தயார் என்று அறிவித்தார்கள். அதை நம்பி விடுப்புக்கு எழுதிக்கொடுத்த ரசிகர்கள் உண்டு. அக்டோபர் 27ஆம் தேதி, டிசம்பர் 10க்குத் தள்ளிப்போகிறது என்றது அதே நிறுவனம். முடிக்கும் தேதி மூன்று முறை நகர்ந்தால் முட்டி மோதும் காலமும் மூன்று முறை நீண்டது என்று அர்த்தம்.

அத்தனைக்குப் பிறகு வந்தது எப்படி இருந்தது? ரிலீசுக்கு முன் விமர்சகர்களுக்குக் கொடுத்தது பிசி பதிப்பை மட்டும்தான். சொந்தமாகப் பதிவுசெய்த காட்சிகளைக் காட்டவும் தடை. பழைய பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன் வைத்திருந்தவர்கள் காசு கொடுத்து வாங்கிப் போட்ட பிறகுதான் நிலவரம் தெரிந்தது. முகங்கள் களிமண்ணாய்க் குழைந்தன, கார்கள் கண்முன்னே முளைத்தன, கேம் அடிக்கடி நின்றது. ஒரு வாரத்தில் சோனி தன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க முன்வந்தது. 2021 ஜூன் 21இல்தான் மீண்டும் கடையேறியது. 2023 செப்டம்பரில் 2.0 அப்டேட்டும் 'ஃபேன்டம் லிபர்ட்டி'யும் வந்தபின் அது நல்ல கேம் ஆனது உண்மை. ஆறுதல் வாசகப்படி பார்த்தாலோ இது தள்ளிப்போன கேமும்தான், மோசமாக வந்த கேமும்தான், பிறகு நன்றான கேமும்தான். ஒரே கேம் வாசகத்தின் இரண்டு பாதியையும் உடைத்துவிடுகிறது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ராக்ஸ்டாரின் பழைய கணக்குதான். ஜிடிஏ 4 தள்ளிப்போனது, ஜிடிஏ 5 தள்ளிப்போனது, 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' இரண்டு முறை தள்ளிப்போய் 2018 அக்டோபர் 26இல் வந்தது. மூன்றும் கொண்டாடப்பட்டன. இதை மறுக்க முடியாது, ஜிடிஏ 6 விஷயத்தில் ரசிகர் நம்பிக்கை வைக்க இதுவே நல்ல காரணம். ஆனால் அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் அந்தக் குழுவின் கைத்திறன், காலண்டர் அல்ல. கைகள் மாறினால் என்ன ஆகும் என்பதும் ராக்ஸ்டார் கணக்கிலேயே இருக்கிறது. வெளி ஸ்டூடியோவிடம் கொடுத்துச் செய்த ஜிடிஏ டிரிலஜியின் புதுப்பிப்பு 2021 நவம்பரில் வந்தபோது, மழை பெய்தால் எதிரே சாலை தெரியவில்லை, கடைப் பெயர்ப்பலகைகளில் எழுத்துப்பிழை. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. கொண்டாடப்பட்ட ரெட் டெட் 2கூட ஓராண்டு கழித்து 2019 நவம்பரில் பிசிக்கு வந்தபோது, முதல் நாளில் பலருக்குத் திறக்கவே இல்லை.

கடைசியாக, "ரசிகன் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும்" என்கிறார்கள். தேதி மாறியதற்காகக் கொலை மிரட்டல் விடுவோரை யாரும் ஆதரிக்க வேண்டாம். 2016இல் 'நோ மேன்ஸ் ஸ்கை' சில வாரம் தள்ளிப்போனதற்கே அதன் இயக்குநர் ஷான் முர்ரேவுக்கும், செய்தியை முதலில் எழுதிய நிருபருக்கும் அப்படி மிரட்டல் வந்தது. அது வெறி. ஆனால் எப்போது வரும், எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்பது வெறியல்ல. 'ஹாலோ நைட்: சில்க்சாங்' முதலில் தனி கேமே அல்ல. முதல் 'ஹாலோ நைட்'டுக்காக 2014இல் கிக்ஸ்டார்ட்டரில் பணம் போட்ட ரசிகர்களுக்கு வாக்களித்த கூடுதல் பாத்திரம் அது. வளர்ந்து தனி கேமாகி 2019 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. அடிலெய்டிலிருந்து அதைச் செய்த சிறிய குழு பிறகு ஆண்டுக்கணக்கில் பேச்சுமூச்சின்றி இருந்தது. வெளியில் என்னென்னவோ வதந்தி. உள்ளே சண்டையோ சிக்கலோ எதுவும் இல்லையாம், செய்வது பிடித்திருந்ததால் செய்துகொண்டே இருந்தோம் என்று 2025 ஆகஸ்டில் சொன்னார்கள். இதையே இடையில் ஒருமுறை சொல்லியிருந்தால் பாதிக் கவலை அன்றே தீர்ந்திருக்கும். அறிவித்த இரண்டே வாரத்தில், செப்டம்பர் 4ஆம் தேதி, 20 டாலருக்கு கேம் வந்தது. ஸ்டீம் உட்பட ஆன்லைன் கடைகள் கூட்டம் தாங்காமல் திணறின. அந்த வாரம் வரவிருந்த பல சின்ன கேம்கள் பயந்துபோய்த் தங்கள் தேதியை மாற்றிக்கொண்டன. தரம் உயர்த்த அல்ல, நசுங்காமல் இருக்க.

ஆகவே தேதி நகர்ந்ததா என்பதைவிடப் பயனுள்ள கேள்விகள் ரசிகர் கையில் இருக்கின்றன. வெளியாட்கள் யாராவது அதை ஆடிப் பார்த்தார்களா? தான் வைத்திருக்கும் கன்சோலில் அது ஓடுவதைக் காட்டினார்களா? விமர்சனம் ரிலீசுக்கு முன் வருகிறதா, பின் வருகிறதா? டவுன்லோடு செய்யும் கேம் கடையில் தீர்ந்துபோகாது, எனவே ப்ரீ-ஆர்டருக்கு ஓட அவசியமில்லை. வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குமேல் ஆடாமல் இருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தருகிறது.

2023இன் பெரிய வெற்றிகளில் ஒன்றான 'பால்டர்ஸ் கேட் 3' ஏறக்குறைய மூன்றாண்டு ஏர்லி ஆக்சஸில் இருந்தது. முதல் அத்தியாயத்தை ரசிகர்கள் காசு கொடுத்து ஆடி, குறை சொல்லி, திருத்த வைத்தார்கள். ஆகஸ்ட் 31 என்று குறித்திருந்த தேதியை லேரியன் நிறுவனம் பிசியில் ஆகஸ்ட் 3க்கு முன்னே இழுத்துக்கொண்டது. காரணம் எளிது: 'ஸ்டார்ஃபீல்ட்' செப்டம்பர் தொடக்கத்தில் வரவிருந்தது.