வலிய வரும் உதவியை நம்பலாமா?

விடுமுறை வந்துவிட்டால் வெளியூர்களில் இருந்து குடும்பம் குடும்பமாகச் சென்னைக்கு வருகிறார்கள். மெரீனா கடற்கரை, வண்டலூர் உயிரியல் பூங்கா, எழும்பூர் அருங்காட்சியகம், தியாகராய நகர் கடைவீதி என்று பார்க்க எத்தனையோ இடங்கள்!

ஊரில் இருந்து புறப்படும்போது பெரியவர்கள் ஒரு புத்தி சொல்லி அனுப்புவார்கள்:

"பட்டணத்தில் யாரையும் நம்பாதே!"

நல்ல எண்ணத்தோடு சொல்வதுதான். ஆனால், அது பாதிதான் சரி. யாரையும் நம்பாதவன் யாரிடமும் வழி கேட்கமாட்டான். பெட்டியும் கையுமாகத் திருதிரு என்று விழித்துக்கொண்டு நிற்பான். மோசக்காரனுக்கு வேண்டியது, அப்படி நிற்கிற ஆள்தான்!

தேடி வருகிறவன்

மோசக்காரன் எப்போதும் தானாகவே வருவான். "எங்கே போகணும் அண்ணே?" என்பான். "குறைந்த வாடகையில் நல்ல அறை இருக்கு" என்பான். பேசிக்கொண்டே பெட்டியைக் கையில் எடுத்துக்கொள்வான்.

அங்கே ஆளைத் தேர்ந்தெடுத்தவன் அவன்.

பயணியே ஒரு மருந்துக்கடைக்குப் போய் வழி கேட்டால், ஆளைத் தேர்ந்தெடுத்தவர் பயணி. கடைக்காரர் நேற்றும் அங்கே இருந்தார். நாளையும் இருப்பார். ஏமாற்றிவிட்டு ஓட முடியாது. போலீஸ்காரர், பஸ் கண்டக்டர், டிக்கெட் கொடுக்கும் ஊழியர் எல்லோரும் அப்படித்தான்.

வலிய வந்து பேசுகிறவர்கள் எல்லோருமே கெட்டவர்களா? இல்லை. பட்டணத்திலும் இரக்கம் உள்ளவர்கள் ஏராளம். அவர்களைக் கண்டுபிடிப்பது எளிது. "வேண்டாம் ஐயா, நன்றி" என்று சொன்னால், நல்லவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். மோசக்காரன் விடாமல் பின்னாலேயே வருவான்!

வெட்கம் எதற்கு?

பலர் வழி கேட்காததற்குக் காரணம் பயம் அல்ல, வெட்கம்! "பட்டிக்காட்டு ஆள் என்று நினைத்துவிடுவார்களோ?" என்ற கூச்சம்.

சென்னைக்காரர்களே வழி கேட்கிற காலம் இது. கோயம்பேட்டில் இருந்து புறப்பட்ட தென் மாவட்ட பஸ்களுக்காக, வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்தில் புதிய பஸ் நிலையம் 2023 டிசம்பர் 30-ந் தேதி திறக்கப்பட்டது. பல ஆண்டுகள் கோயம்பேட்டுக்கே போய்ப் பழகியவர்களும், "எங்கள் ஊர் பஸ் எங்கே நிற்கும்?" என்று கேட்க வேண்டியதாயிற்று. அதில் என்ன கேவலம்?

ஆட்டோவில் ஏறுவதற்கு முன்பும் கேட்கலாம். "இங்கிருந்து திருவல்லிக்கேணிக்கு எவ்வளவு ஆகும்?" என்று பக்கத்துக் கடையில் விசாரித்தால் போதும், நியாயமான கூலி தெரிந்துவிடும். சென்ட்ரல், எழும்பூர் இரண்டு இடங்களிலும் மெட்ரோ ரெயில் நிலையம் இருக்கிறது. கட்டணத்தில் பேரமே கிடையாது.

அரசுக்கும் ஒரு கடமை உண்டு. படிக்கத் தெரியாதவருக்குப் பெயர்ப் பலகையால் என்ன பயன்? பஸ் நிலையங்களில் இரவிலும் விசாரணை இடத்தில் ஆள் இருக்க வேண்டும். கேட்க ஆள் இருந்தால், ஏமாறுகிறவர்கள் குறைவார்கள்.

செல்போனில் வருகிற மோசம்

இப்போது மோசக்காரன் செல்போன் வழியாகவும் வருகிறான். "உங்களுக்குப் பணம் அனுப்புகிறேன், ரகசிய எண்ணை அழுத்துங்கள்" என்பான். பணம் கொடுக்கத்தான் ரகசிய எண் வேண்டும். பணம் வாங்குவதற்குத் தேவையே இல்லை! பணம் பறிபோனால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும்.

கடலும் அழைக்கும்

மெரீனாவில் கடலும் வலிய வந்து காலைத் தொட்டு அழைக்கும். அங்கே குளிப்பது தடை செய்யப்பட்டு இருக்கிறது. காரணம் இல்லாமல் அல்ல. கரைக்கு வந்த அலைநீர் திரும்பும்போது, சில இடங்களில் ஒன்றாகச் சேர்ந்து வேகமாக உள்ளே ஓடும். நீச்சல் தெரிந்தவரையும் அது இழுத்துக்கொண்டு போகும்.

ஊரில் கிணற்றிலும் குளத்திலும் நீந்திய பையன்கள், "எனக்குத் தெரியாத தண்ணீரா?" என்று இறங்குகிறார்கள். காப்பாற்றப் போகிறவரும் சேர்ந்து மூழ்குவது உண்டு. கரையில் இருக்கும் மீனவரிடம் கேட்டுப் பார்க்கட்டும். அந்தத் தண்ணீரின் குணத்தை அவர் சொல்வார்.

குழந்தைகளுக்கு ஒரு பாடம்

காணும் பொங்கல் அன்று மெரீனாவில் கூட்டம் அலைமோதும். அன்று போலீசார், பெற்றோரின் போன் எண்ணை எழுதி, குழந்தைகளின் கையில் பட்டை கட்டிவிடுகிறார்கள். அருமையான ஏற்பாடு! அதை எல்லா நாளும் பெற்றோரே செய்யலாம். ஒரு துண்டுக் காகிதத்தில் எண்ணை எழுதிச் சட்டைப் பையில் வைத்தால் போதும்.

அதோடு ஒன்று சொல்லிக்கொடுக்க வேண்டும்: "வழி தவறினால், கூப்பிடுகிறவரோடு போகாதே. போலீஸ்காரரிடமோ கடைக்காரரிடமோ நீயே போய்ச் சொல்." குழந்தை காணாமல் போனால், உடனே 112 அல்லது 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும்.

குழந்தைக்குச் சொல்லும் இந்தப் பாடம் பெரியவர்களுக்கும் பொருந்தும். பட்டணத்தைக் கண்டு பயப்படத் தேவை இல்லை. "யாரையும் நம்பாதே" என்பதற்குப் பதிலாக, "நீயே தேடிப் போய்க் கேள்" என்று சொல்லி அனுப்பட்டும். போனவர்கள் பத்திரமாகத் திரும்பி வருவார்கள்!