சுவரில் எந்த மலை?



பாடசாலைச் சுவருக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறோம். என்ன படம் கீறலாம் என்று பெற்றோரிடம் கேட்டோம். மிக்கி மவுஸ் என்றார்கள், பனிமலை என்றார்கள். பனிமலையாம்! ஜன்னலைத் திறந்தால் எதிரே மலைதானே நிற்கிறது.

பிழை எங்களிலும் இருக்கிறது. சித்திரப் பாடத்தில் இயற்கைக் காட்சி என்றால் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓரத்தில் தென்னை. இந்தக் குளிரில் தென்னை எங்கே வளர்கிறது? நாங்கள்தான் கரும்பலகையில் அப்படிக் கீறிக் காட்டிப் பழக்கினோம்.

நம் நாட்டின் பேர்போன கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா தன் சுற்றுப்புறத்தைப் பார்த்துத்தான் கட்டினார். தம்புள்ளைக்குக் கிட்ட, 1994இல் திறந்த கண்டலம ஹோட்டலைப் பாருங்கள். மலையை வெட்டிச் சமன்படுத்தாமல், மலை வளைகிற பக்கம் கட்டடத்தையும் வளைத்தார். உள்ளே நடந்து போனால் பாறை அப்படியே நிற்கிறது. வெளிச்சுவர்களைக் கொடி மூடிவிட்டது. குளத்துப் பக்கமிருந்து பார்த்தால் ஹோட்டலைத் தேட வேண்டும். படிக்கட்டுக்கு மேலே லக்கி சேனாநாயக்க செய்த பெரிய ஆந்தை. காட்டில் இருந்ததே உள்ளே சிற்பமாகவும் வந்துவிட்டது. இதே பாவா நம் அப்கொட் பக்கம் ஸ்ட்ராத்ஸ்பே தோட்டத்திலும் ஒரு பங்களா வடிவமைத்திருக்கிறார். (லயத்துக் காம்பராவுக்கு வெளிச்சமும் காற்றும் எந்தப் பக்கமிருந்து வரும் என்று அந்தக் காலத்தில் ஒருவரும் யோசிக்கவில்லை. அது வேறு கதை, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

பள்ளிவாசல் சுவர்களில் நாம் பார்க்கும் இலையும் கொடியும்கூட ஏதோ ஒரு தோட்டத்தைப் பார்த்த கண்ணிலிருந்து வந்தவைதான்.

நம்மிடம் என்ன இல்லை? கவ்வாத்து வெட்டிய மலையில் நிரைகள் எப்படி வளைந்து போகின்றன, அவற்றைக் கான்கள் எப்படிக் குறுக்கே வெட்டுகின்றன என்று ஒருநாள் நின்று பாருங்கள். ஒரு சேலைக்கு அதைவிட நல்ல டிசைன் வேண்டுமா? இரண்டு இலையும் ஒரு மொட்டும் எத்தனை தேயிலைப் பெட்டிகளில் சின்னமாக இருக்கிறது! அதைத் தினமும் கிள்ளுகிற அம்மாவின் பிள்ளை தென்னை மரம் கீறுகிறது.

"சித்திரம் படித்து என்ன உழைப்பு?" என்று கேட்கும் பெற்றோருக்கு: துணி, பெட்டி, விளம்பரம், வீடு என்று எதற்கும் முதலில் ஒருவர் கோடு போட வேண்டியிருக்கிறது. அந்தக் கோட்டுக்குச் சம்பளம் உண்டு.

போன கிழமை எட்டாம் வகுப்பைப் பீலிக்கரைக்குக் கூட்டிப் போனோம். ஒரு பிள்ளை கீழே நாலு நிரை தேயிலை கீறிவிட்டு மேல்பாதித் தாளை வெறுமையாகவே தந்தாள். முடிக்கவில்லையே என்று கேட்டோம்.

"அது மூட்டம், சேர்."

சுவருக்கு அந்தப் படத்தையே போடுவோம் என்று அபிவிருத்திச் சங்கத்திடம் கேட்டிருக்கிறோம். சம்மதம் என்றால், சிரமதானத்துக்கு வரும்போது பச்சைப் பெயின்ட் மிச்சமிருப்பவர்கள் கொண்டுவாருங்கள். வெள்ளை எங்களிடம் இருக்கிறது.