ஓராண்டு வனவாசம்

வனவாசம் என்றதும் நமக்கு ஸீதாபிராட்டியின் நினைவே வரும். இராமனைக் காட்டுக்கு அனுப்பியது கைகேயியின் வரம். பிராட்டியோ ஒருவரும் அனுப்பாமல் தாமே பிடிவாதமாகப் புறப்பட்டாள். அமெரிக்காவில் டேவ் ஃப்ரீமன், ஆமி ஃப்ரீமன் என்னும் தம்பதி, இருவருமே ஒருவரும் அனுப்பாமல் காடேகினார்கள். 2015 செப்டம்பர் 23-ந் தேதி உள்ளே போனவர்கள் 2016 செப்டம்பர் 23-ந் தேதிதான் வெளியே வந்தார்கள். கந்தமூல பலங்களைத் தின்று காலங்கழித்தார்கள் என்று வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். உணவுப் பொருள்களை நண்பர்கள் அவ்வப்போது கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

அவர்கள் சென்ற காடு மின்னஸோட்டா மாகாணத்தின் வடகோடியில், கானடா எல்லையை ஒட்டி இருக்கிறது. பௌண்டரி வாட்டர்ஸ், அதாவது எல்லைப்புற நீர்நிலைகள் என்று பெயர். பத்து லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பு. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஏரிகள். மிகப் பெரும்பாலான ஏரிகளில் மோட்டார்ப் படகு கூடாது. கண்ணாடிப் புட்டியும் தகர டப்பியும் கொண்டுபோகக் கூடாது. ஒரு கூட்டத்தில் ஒன்பது பேருக்கு மேல் சேரக் கூடாது. நம்மவர் குடும்ப சமேதராய் யாத்திரை போகும் வழக்கத்திற்கு இவ்விதி சற்றும் ஒத்துவராது!

அங்கே வாகனம் 'கனூ' என்னும் ஒல்லியான ஓடம். ஓஜிப்வே என்ற அந்நிலத்துப் பூர்வ குடிகள் பூர்ஜ மரப்பட்டையைத் தைத்து, பிசின் பூசி இதைச் செய்தார்கள். ஓர் ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்கு நீர்வழி இல்லாத இடத்தில், ஓடத்தைக் கவிழ்த்துத் தோளில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். இக்காலத்து ஓடம் சுமார் இருபது கிலோ எடையுள்ளது, ஒருவரே தூக்கிவிடலாம். இந்தச் சுமைவழிகளின் தூரத்தை மைலால் அளப்பதில்லை. 'ராட்' என்ற பதினாறரை அடிக் கோலால் அளக்கிறார்கள். ஏறக்குறைய ஓர் ஓடத்தின் நீளம் அது.

இருவர் செல்லும் ஓடத்தில் பின்னால் இருப்பவர் திசை திருப்புகிறார். முன்னால் இருப்பவருக்குத்தான் பாறை முதலில் தெரிகிறது. பாறையைக் கண்டவர் ஒருவர், விலக்க வேண்டியவர் மற்றொருவர். தாம்பத்தியத்துக்கு இதைவிடக் கடுமையான பரீட்சையை நாம் கேள்விப்பட்டதில்லை.

குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்துபோகும். அப்போது ஓடத்தை விட்டு, மூன்று நாய்களின் உதவியுடன் பனிச்சறுக்கு வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு நகர்ந்தார்கள். கூடாரத்துக்குள் விறகடுப்பு மூட்டிக்கொண்டார்கள். கடுங்குளிரைக் காட்டிலும் தொல்லையானவை, ஏரி உறையத் தொடங்கும் நாட்களும் உருகத் தொடங்கும் நாட்களுமே. துடுப்புப் போடப் பனிக்கட்டி விடாது, நடந்தால் தாங்காது. இருந்த இடத்திலேயே இருக்க வேண்டியதுதான்.

இவ்வளவும் எதற்காக? வனத்துக்கு வெளியே, ஈலி என்ற ஊருக்கு அருகில், செம்பும் நிக்கலும் எடுக்கச் சுரங்கம் வெட்ட ட்வின் மெட்டல்ஸ் கம்பெனி முற்பட்டிருந்தது. வெளியே என்றாலும் அங்கிருந்து நீர் வடக்கே வனத்துக்குள்தான் ஓடுகிறது. செம்பு அங்கே கந்தகத்தோடு சேர்ந்து கிடக்கிறது. தோண்டிப் போட்ட கல்லைக் காற்றும் மழையும் தொட்டால் கந்தக அமிலம் உண்டாகும். அமிலம் ஏரியில் கலந்தால் மீனுக்கும், நீரில் விளையும் காட்டரிசிக்கும் ஆபத்து. அவ்வரிசியை ஓஜிப்வே மக்கள் தெய்வப் பிரசாதம்போல் போற்றுகிறார்கள். அதைச் சேகரிக்கும் உரிமையை 1854-ம் வருஷத்து உடன்படிக்கையிலேயே நிலைநாட்டிக்கொண்டவர்கள்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். ஈலி இரும்புச் சுரங்கத்தால் வளர்ந்த ஊர். கடைசிச் சுரங்கம் 1967-ல் மூடப்பட்டது. பாட்டனார் சுரங்கத்தில் உழைத்துக் கட்டிய வீட்டில் இருப்பவருக்கு, "உல்லாசப் பிரயாணிகளுக்குச் சோறு போட்டுப் பிழைத்துக்கொள்" என்று சொன்னால் கசக்கத்தான் செய்யும். அக்கசப்பை ஏளனம் செய்வது நியாயமன்று. ஆனால் சுரங்கம் சில பத்தாண்டுகளில் தீர்ந்துவிடும். கெட்ட நீரைத் திருத்த அதைவிட நெடுங்காலம் வேண்டும். இரும்பு கிடைத்த கல் வேறு, இந்தக் கல் வேறு என்பதையும் மறக்கலாகாது.

ஃப்ரீமன் தம்பதி 2014-லேயே, ஜனங்கள் கையெழுத்திட்ட ஓடமொன்றையே மனுவாகக் கொண்டு, ஈலியிலிருந்து தலைநகரான வாஷிங்டன் வரை நீர்வழியே போய்ச் சேர்ந்தவர்கள். சர்க்கார் உத்தியோகஸ்தர் மேஜைமீது வைக்க முடியாத மனு அது ஒன்றுதான் போலும்! பிறகுதான் ஓராண்டு வனத்திலேயே சாட்சியாக வாழ்வதென்று தீர்மானித்தார்கள். சுமார் ஐந்நூறு ஏரி, ஆறு, ஓடைகளைக் கண்டார்கள். சுமார் நூற்றிருபது இடங்களில் கூடாரம் அடித்தார்கள். இரண்டாயிரம் மைலுக்கு மேல் பிரயாணம் செய்தார்கள். தாங்கள் கண்டதை வெளியுலகத்துக்கு எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். 2017-ல் அது புத்தகமாகவும் வந்தது.

இனிச் சர்க்காரின் கதை. சுரங்கக் குத்தகையைப் புதுப்பிக்க 2016 டிசம்பரில் மறுத்தார்கள். ஆட்சி மாறியது, 2019 மே மாதத்தில் புதுப்பித்தார்கள். மறுபடியும் ஆட்சி மாறியது. 2022 ஜனவரியில் ரத்துச் செய்தார்கள். 2023 ஜனவரியில், சுமார் 2,25,000 ஏக்கர் நிலத்தில் 20 வருஷத்துக்குப் புதுக் குத்தகை கிடையாது என்று உத்தரவு பிறந்தது. அதற்குப் பிறகும் வழக்குகளும் சட்டசபை மசோதாக்களும் ஓயவில்லை.